ஏலக்காய் சாக்கில் போன சைக்கிள்

1. சனிக்கிழமை காலை வந்த போன்

"அக்கா, நீங்க போட்ட சைக்கிளுக்குள்ள ஏலக்கா இருக்காம். வண்டியப் பிடிச்சு வச்சிருக்காக."

எங்கள் லாரி டிரைவர் ஜோசப் போனில் இப்படிச் சொன்னபோது சனிக்கிழமை காலை பத்தரை மணி. நான் கம்பம் கிளையில் தேங்காய் மூட்டைகளுக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது புரியாமல் இரண்டு தடவை 'என்ன, என்ன' என்றேன்.

"சைக்கிளுக்குள்ள எங்கிட்டுப்பா ஏலக்காய வைக்கிறது? ட்யூப்லயா?"

"எனக்கென்னக்கா தெரியும்? மோந்து பாத்துட்டு வாசம் வருதுங்குறாக. தச்ச பார்சல புக்கிங் ஆபீஸ் ஆள் இல்லாம பிரிக்கக் கூடாதுன்னு நான் சொல்லிட்டேன். இப்ப திண்டுக்கல் வரி ஆபீஸ் வாசல்ல வண்டியோட நிக்கிறேன். நேத்து ராத்திரியே மேனேஜர்ட்ட சொன்னேனே, உங்கட்ட சொல்லலையா அவரு?"

சொல்லவில்லை. தேனி மேனேஜருக்கு ஒரு பழக்கம் உண்டு. கெட்ட செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அது தானாகச் சரியாகிவிடுமா என்று ஒரு நாள் பார்ப்பார். அவரைத் திட்டிக்கொண்டே பேனாவைத் தேடினேன். பேனா என் கையிலேயே இருந்தது.

இருபத்தாறு வருஷம் பார்சல் சர்வீஸில் புக்கிங் பார்த்தவள் நான். பணி ஓய்வு பெற்றபிறகு, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், 'மேடம், எதை எப்படிக் கட்டினால் செலவு குறையும் என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டார்கள். சைக்கிளிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் சைக்கிளைக் குறைந்த செலவில் அனுப்புவதில் என்னை மிஞ்ச இந்தப் பள்ளத்தாக்கில் ஆள் இல்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு போன கதைதான் இது.

2. சைக்கிளைச் சின்னதாக்குவது

முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒரு மினி ஆட்டோ வந்து வாசலில் நின்றது. டிரைவர் ஒரு பழைய கறுப்பு சைக்கிளை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். கூட வந்த பெண் கவுண்டருக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் முத்துலட்சுமி, ஊர் காமயகவுண்டன்பட்டி.

"அக்கா, இந்த சைக்கிள அரூருக்கு அனுப்பணும். கொறஞ்ச காசுல எப்பிடி அனுப்பலாம்?"

"தர்மபுரிக்கு அங்கிட்டு இருக்குற அரூரா? அங்கன என்ன சோலி உனக்கு?"

"தபால் வேலை கெடச்சிருக்குக்கா. திங்கக்கெழமை காலையில சேரணும். மலையோரம் மூணு ஊரு. மொத நாளே சைக்கிள்ல தபால் கொண்டு போகணும், வரும்போது சைக்கிளோட வந்துருங்கன்னு போன்ல சொன்னாக."

நான் சைக்கிளை எட்டிப் பார்த்தேன். பெயின்ட் உரிந்து, செயின் கவர் நசுங்கி இருந்தது. "இத இங்கன வித்துட்டு அங்கன போயி ஒண்ணு வாங்கிக்கிறலாமே ஆத்தா" என்றேன்.

"இல்லக்கா. இது போதும். இதுதான் வேணும்."

சரி, ஆசைப்பட்டு வைத்திருக்கிறாள் போல என்று விட்டுவிட்டேன். அன்று எனக்கு ஆயிரம் வேலை. திராட்சைப் பெட்டிகள் வாசலில் வெயிலில் நின்றன. கம்ப்யூட்டர் பாதி பில்லில் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் ஒரு இடத்தில் கால் தரிக்காதவள். உள்ளே போவேன், வருவேன், கத்துவேன். ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் மட்டும் போகமாட்டேன். பொருளைப் பார்க்க லோடுமேன் இருக்கிறான், ஆளைப் பார்க்க நான் எதற்கு?

இனி தொழில் விஷயம். லாரி பார்சலில் எடை ஒரு கணக்கு, அடைக்கிற இடம் ஒரு கணக்கு. எது கூடுதலோ அதற்குத்தான் வாடகை. சைக்கிள் எடையில் ஓர் அரிசி மூட்டைகூட வராது. அப்படியே நிறுத்தினால் நாலு மூட்டைக்கான இடத்தை அடைக்கும். ஆகவே செலவைக் குறைப்பது என்றால் சைக்கிளைச் சின்னதாக்குவதுதான். வேறு மந்திரம் கிடையாது.

முன் சக்கரத்தைக் கழற்றி ஃபிரேமின் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்டவேண்டும். சக்கரம் போன இடத்தில் ஃபோர்க்குக்கு நடுவே ஒரு கட்டையைச் செருகவேண்டும், இல்லாவிட்டால் மேலே மூட்டை விழுந்து ஃபோர்க் ஒடுங்கிவிடும். ஹேண்டில்பாரைத் திருப்பி ஃபிரேமோடு ஒட்டவைக்கவேண்டும். சீட்டை முழுசாக இறக்கவேண்டும். காற்றைப் பாதி விடவேண்டும். இரண்டு பெடலையும் கழற்றவேண்டும். இடது பெடல் எதிர்த் திசையில் சுற்றினால்தான் கழலும். அது தெரியாமல் முறுக்கி முறுக்கி, பெடல் மாட்டுகிற கிராங்கையே கெடுத்தவர்கள் உண்டு. செயினுக்குப் பேப்பர் சுற்றவேண்டும். இத்தனையும் செய்தால் பார்சல் பாதியாகச் சுருங்கும், வாடகையும் கிட்டத்தட்ட பாதியாகும்.

கூரியரில் போட்டால் அட்டைப்பெட்டி கேட்பார்கள். புது சைக்கிள் வந்து இறங்கிய காலிப் பெட்டியை சைக்கிள் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அன்று எந்தக் கடையிலும் பெட்டி இல்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை, ஏனென்றால் என்னிடம் ஏலக்காய் சாக்கு இருந்தது.

எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்துக் கடை ஏலக்காய் மண்டி. காலியான சாக்குகளை எனக்குச் சும்மா கொடுப்பார்கள். தடித்த சணல், உள்ளே பிளாஸ்டிக் உறை. மழைத் தண்ணீர் இறங்காது, பெயின்ட் உரசாது. சைக்கிளுக்கு அதைவிட நல்ல சட்டை கிடையாது. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் எதைக் கட்டினாலும் அதில்தான் கட்டுவார்கள். அதை வேறு ஊர்க்காரன் முகர்ந்து பார்ப்பான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசத்திலேயே கிடக்கிறோம், எங்கள் மூக்குக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

லோடுமேன் மாயாண்டி சைக்கிளைக் கழற்றினான். பெடலைத் தூக்கிக் காட்டி, "யக்கா, இதுல கட்டை வச்சு போல்ட் அடிச்சிருக்கு, அதையும் கழட்டவா?" என்றான். நாலு விரல் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை பெடலின் மேல் இருந்தது. சின்னப் பிள்ளைக்குக் கால் எட்டுவதற்கு வைத்திருப்பார்கள் என்று நானே முடிவு கட்டினேன். "அது கெடக்கட்டும்டா, அப்பிடியே பையில போட்டு உள்ள வையி" என்றேன்.

அப்போது முத்துலட்சுமி பெஞ்சிலிருந்து கேட்டாள்.

"அக்கா, அந்த வலது பெடல மட்டும் நான் கையில கொண்டு போகட்டுமா?"

"அதெல்லாம் முடியாது" என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "பாதிய நீ கொண்டு போயிருவ. நாளைக்கு அங்கன நின்னுக்கிட்டு பெடலக் காணோம்னு எங்க மேல கம்ப்ளைண்ட் வரும். முன்னாடி ஒருத்தர் இப்பிடித்தான் கேரியரக் காணோம்னு ஒரு மாசம் உசுர வாங்குனாரு. பார்சல்னா ஒரே பீஸு. எல்லாம் சேந்துதான் போகும்."

"இல்லக்கா, அது வந்து..."

"ஆத்தா, நாளைக்குச் சாயங்காலம் அரூர் கோடவுன்ல முழு சைக்கிளா நிக்கும். நான் சொல்றேன்ல?"

மாயாண்டி கோணி ஊசியால் சாக்கைத் தைத்து முடித்தான். நான் எல்.ஆர். போட்டேன். லாரி ரசீதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். 'பழைய சைக்கிள், ஒரு பீஸ்' என்று அதில் எழுதினேன். வண்டி அன்று சாயங்காலமே கிளம்பிப்போனது. இதுதான் வெள்ளிக்கிழமை நடந்தது.

3. வந்துகொண்டே இருக்கிறது

ஜோசப்பின் போனை வைத்த கையோடு மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் கொட்டாவி விட்டார்.

"பில் இல்லாம ஏலக்கா போகுதோன்னு சந்தேகம் அவுகளுக்கு. நீங்க போயி பிரிச்சுக் காட்டிட்டு வந்துருங்க. கஸ்டமர் கேட்டா டிரான்சிட்ல இருக்குன்னு சொல்லுங்க."

"திங்கக்கெழமை அந்தப் பிள்ள வேலையில சேரணும் சார்."

"அதுக்குத்தான் சொல்றேன். டிரான்சிட்ல இருக்குன்னா பயப்பட மாட்டாகள்ல."

மாயாண்டியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு தேனி பஸ்ஸில் ஏறினேன். உத்தமபாளையம் தாண்டுவதற்குள் முத்துலட்சுமியின் போன் வந்துவிட்டது. ராத்திரியே பஸ் ஏறி அரூருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு வாடகை அறையில் பையை இறக்கியிருந்தாள்.

"அக்கா, சைக்கிள் எங்கன வருது?"

"வந்துக்கிட்டே இருக்கு ஆத்தா."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அதற்கு யோசிக்கத் தேவையில்லை. சின்னமனூரில் பஸ் டயர் பஞ்சராகிக் கால் மணி நேரம் நின்றது. நான் இறங்கி ரோட்டோரம் அங்குமிங்கும் நடந்தேன். கண்டக்டர், "உக்காருங்கம்மா, நீங்க நடந்தா டயரு ஒட்டிக்கிருமா?" என்றார். அவருக்கு நான் ஏதோ பதில் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

தேனியில் பஸ் மாறி, வத்தலக்குண்டு வழியாகப் போகும்போது இரண்டாம் தடவை அழைத்தாள்.

"அக்கா, கோடவுன்ல கேட்டேன், சேலத்துல இருந்தே இன்னும் வண்டி வரலைங்குறாக. சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கன பூட்டிருவாகளாம்."

"வந்துக்கிட்டே இருக்கு. நீ சாப்பிட்டியா?"

அக்கறையாகக் கேட்டதாக நினைக்காதீர்கள். பேச்சை மாற்றினேன். போனை வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

4. மோந்து பாருங்க

திண்டுக்கல்லில் வணிக வரி அலுவலக வளாகத்தில் எங்கள் லாரி நின்றது. தார்ப்பாய் பாதி விலகியிருந்தது. ஜோசப் இரண்டு நாள் தாடியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். என் சைக்கிள் பார்சலை மட்டும் இறக்கி மேஜைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதிகாரி சின்ன வயசுக்காரர். கடுகடு என்று இல்லை, களைத்துப்போயிருந்தார்.

"மேடம், பில்லுல பழைய சைக்கிள்னு இருக்கு. நீங்களே மோந்து பாருங்க."

குனிந்து சாக்கை முகர்ந்தேன். சணல் நாற்றம் வந்தது. மாயாண்டியின் பீடி நாற்றமும் கொஞ்சம் வந்தது.

"ஒண்ணும் வரலையே சார்."

அவர் என்னை முழுசாக ஒரு தடவை பார்த்தார். "ஏலக்கா கடைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. உங்களுக்கு வரலையா? சாக்குல லாட் நம்பர் வேற அடிச்சிருக்கு பாருங்க."

பார்த்தேன். மண்டிக்காரர்கள் அடித்த நம்பர் பளிச்சென்று இருந்தது. தினமும் பார்க்கிற நம்பர் என்பதால் என் கண்ணும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டது. நான் பிளேடை வாங்கித் தையலைப் பிரித்தேன். முதலில் சக்கரம் வந்தது, அப்புறம் ஹேண்டில்பார், அப்புறம் பெடல் பை. அதிகாரி சாக்கின் உள் உறையைத் திருப்பி உதறினார். இரண்டே இரண்டு ஏலக்காய் தரையில் விழுந்தன.

"சைக்கிள்தான்" என்றார் அவர். கொஞ்சம் சிரித்தார். "சரி, இது பிரச்சினை இல்ல. ஆனா வண்டியில இன்னும் ரெண்டு பார்சலுக்கு பில் சரியா இல்ல. முழு லோடையும் எண்ணிப் பாக்கணும். நாளைக்கு ஞாயிறு. திங்கக்கிழமை மத்தியானம் விட்ருவோம்."

"சார், இந்த ஒரு சைக்கிள மட்டும்..."

"லிஸ்ட் எழுதியாச்சு மேடம். எண்ணி முடிக்காம ஒரு பீஸ் குறையக் கூடாது."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முந்தின நாள் நான் சொன்ன அதே சட்டத்தைத்தான் அவரும் சொன்னார். கோபம் முழுவதும் என் மேல்தான் வந்தது. சும்மா கிடைக்கிறதே என்று ஒரு சாக்கை எடுத்து, பழைய சைக்கிளைச் சந்தேகச் சரக்காக மாற்றியவள் நான். அந்தச் சந்தேகத்தில்தான் வண்டியே நின்றது.

வேப்பமரத்துக்குக் கீழே போய் நின்று முத்துலட்சுமியைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை வாயை அதன் போக்கில் விடவில்லை.

"ஆத்தா, நான் காலையில இருந்து பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். சைக்கிள் வரல. திண்டுக்கல்ல நிக்குது. நான் கட்டுன சாக்கால வந்த வினை. திங்கக்கெழமைக்கு வராது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"ஒரு நாளுக்கு அங்கன வாடகை சைக்கிள் கெடைக்காதா?" என்று நானே கேட்டேன்.

"கெடைக்கும்க்கா. காலையில வரும்போதே ஒரு கடையப் பாத்து வச்சேன். சைக்கிள் கெடைச்சு என்ன செய்ய? எனக்கு வலது காலு குட்டை. சின்னதுல ஜீப்பு கவுந்து ஒடிஞ்சது, வளரவே இல்ல. அந்தக் கட்டை மேல வச்சாத்தான் காலு எட்டும். அந்தப் பெடல்லதான்க்கா என் காலே இருக்கு."

நான் திரும்பி, மேஜைக்குப் பக்கத்தில் கிடந்த பெடல் பையைப் பார்த்தேன்.

"அதுக்குத்தான் கையில கேட்டேன்" என்றாள்.

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை.

"இன்னைக்குக் காலையிலயே சொல்லிருந்தீகன்னா ஆசாரியத் தேடிப் பிடிச்சு ஒரு கட்டையாவது செஞ்சிருப்பேன்க்கா. இப்ப கடையெல்லாம் சாத்திக்கிட்டு இருக்காக. நாளைக்கு எவன் தொறப்பான்? திங்கக்கெழமை எல்லாரு முன்னாடியும் சைக்கிளத் தள்ளிக்கிட்டு நின்னேன்னா என்ன நெனைப்பாக? காலப் பத்தி இதுவரைக்கும் அவுக ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் பயமா இருக்கு."

5. எண்ணிக்கை குறையாது

மேஜைக்குத் திரும்பி வந்தேன். வேகமாக வந்ததில் ஒரு நாற்காலியைத் தட்டிவிட்டேன்.

"சார், எல்.ஆர்.ல சைக்கிள் ஒரு பீஸ். இந்தப் பெடல் பையில இருந்து ஒரு பெடல எடுத்தா பீஸ் குறையுமா?"

அவர் பேனாவை வைத்தார். "எதுக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் கேட்டதையும் நான் மறுத்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் லிஸ்டை எடுத்து விரலால் தடவிக்கொண்டே பார்த்தார்.

"சைக்கிள் ஒண்ணுன்னுதான் இருக்கு. பெடலுக்குத் தனியா கணக்கு இல்ல. எடுத்துட்டுப் போங்க மேடம். அந்தச் சாக்கைத் தூக்கிப் போட்டுட்டு வேற சாக்குல கட்டிக் குடுத்துட்டுப் போங்க."

வேறு சாக்கு வாங்கிவந்து நானும் ஜோசப்பும் சைக்கிளைக் கட்டினோம். தைக்கும்போது கோணி ஊசி விரலில் ஏறியது. பெடலைப் பேப்பரில் சுற்றி என் கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குள் மேனேஜர் போனில் வந்துவிட்டார்.

"முடிஞ்சதுல்ல? கம்பம் பஸ் ஏறிட்டீகளா?"

"சேலம் பஸ் ஏறப் போறேன் சார்."

"சேலத்துல என்ன?"

"டெலிவரி இருக்கு."

"நீங்க புக்கிங் ஸ்டாஃப்மா! டெலிவரிக்கு..."

கட் பண்ணிவிட்டேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு நாளைக்குத்தான் வருவேன் என்றேன். சேலத்தில் இறங்கி அரூர் பஸ் மாறும்வரை அந்தப் பையை மடியை விட்டு இறக்கவில்லை. பத்து தடவையாவது திறந்து பார்த்திருப்பேன், பெடல் நடந்து போய்விடும் என்பது போல.

6. அரூர் பஸ் ஸ்டாண்ட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரூரில் இறங்கினேன். டீக்கடைப் பக்கமிருந்து முத்துலட்சுமி என்னை நோக்கி வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு வலப்பக்கம் இறங்கி ஏறியது. வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் என் எதிரில் இருந்த பெண்தான். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு மனிதர்கள் இடுப்புக்கு மேலேதான் தெரிவார்கள். அன்றுதான் அவளை முழுசாகப் பார்த்தேன்.

"நீங்களே வந்துட்டீகளாக்கா?" என்றாள். பெடலை வாங்கிக் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பார்த்து வைத்திருந்த வாடகை சைக்கிள் கடை ஞாயிறானாலும் திறந்திருந்தது. கடைக்காரர் பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாங்க, பெடல்ல கட்டையெல்லாம் வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, ஒரு சிவப்பு லேடீஸ் சைக்கிளில் மாட்டப் பார்த்தார். மரை சேரவில்லை. இரண்டாவது சைக்கிளிலும் சேரவில்லை.

"புது மாடலுக்கு இது ஏறாதுங்க. விட்டுருங்க."

ராத்திரி முழுக்கச் சுமந்துவந்த சாமான் எதிலும் ஏறாது என்றால் நான் என்ன செய்வேன்? கடைக்குள் நானே புகுந்துவிட்டேன். "அந்த மூலையில நிக்குது பாருங்க, அதுல போட்டுப் பாருங்க. அதுலயும் ஏறலைன்னா அடுத்தது."

"அது ஓட்றது இல்லீங்கம்மா, காத்தே இல்ல."

"காத்து நான் அடிக்கிறேன். நீங்க ஸ்பேனரப் பிடிங்க."

மூலையில் தூசி மூடி நின்றது ஒரு பழைய கறுப்பு சைக்கிள், முத்துலட்சுமியுடையதைப் போலவே. அவர் பெடலை வைத்து விரலால் ஒரு சுற்று சுற்றினார். ஏறியது. இன்னொரு சுற்று. ஸ்பேனரால் இறுக்கினார். நான் பம்பைப் பிடித்துக் காற்றடித்தேன். ஐம்பத்தேழு வயதில் புடவையைச் செருகிக்கொண்டு பஜாரில் காற்றடித்தேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

முத்துலட்சுமி சீட்டில் ஏறினாள். வலது காலைக் கட்டைமேல் வைத்து அழுத்தினாள். கடைவீதியில் போய், மூலையில் திரும்பி, மணியடித்துக்கொண்டு வந்தாள். சைக்கிளில் இருக்கும்போது அவள் உடம்பு எந்தப் பக்கமும் சாயவில்லை.

"மூணு ஊரு என்னக்கா, முப்பது ஊருக்குப் போவேன்" என்றாள்.

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். சனிக்கிழமை காலை பத்தரையிலிருந்து நான் சரியாக உட்கார்ந்தது அந்தக் கடை ஸ்டூலில்தான்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்து, மூன்று ஊருக்கும் தபால் கொடுத்துவிட்டு, சாயங்காலம் போன் செய்தாள். அவள் சொந்த சைக்கிள் புதன்கிழமை அரூருக்குப் போய்ச் சேர்ந்தது. அதை அனுப்பாமலே இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை நான் ஒரு வார்த்தை 'ஏன்' என்று கேட்டிருந்தால், 'பெடலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போ ஆத்தா, அங்கே ஒரு பழைய சைக்கிள் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லியிருப்பேன். குறைந்த செலவில் அனுப்ப வழி கேட்டு வந்தவளுக்கு, செலவே இல்லாத வழி அவள் வாயிலிருந்தே வந்தது. நான்தான் மறித்தேன்.

கவுண்டரில் இருந்த கடைசி நாள்வரை, சைக்கிளோ தையல் மெஷினோ எது வந்தாலும், எழுந்து அந்தப் பக்கம் போய் ஒரு கேள்வி கேட்டேன். "இதுல எது இல்லாட்டி உங்களுக்கு வேலை ஓடாது? அத மட்டும் கையில வச்சுக்கங்க, மிச்சத்தக் கட்டுவோம்." நீங்களும் கேளுங்கள். வண்டி நின்றுவிட்டால் நின்றுவிட்டது என்றே சொல்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நாள் கிடைத்தால் அவரே ஏதாவது வழி செய்துகொள்வார்.

முத்துலட்சுமி இப்போதும் பேசுவாள். போன வாரம் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, இத்தன நாளாகியும் சீட்டுல இருந்து ஏலக்கா வாசம் போகலையாம். ஊருக்குள்ள வரும்போதே தெரிஞ்சுருதாம். பிள்ளைக என்னைய ஏலக்கா அக்கான்னுதான் கூப்புடுதுக."

போனை வைத்துவிட்டு, பழைய ஆபீஸுக்குப் பக்கத்து மண்டிக்குப் போனேன். காலிச் சாக்கு ஒன்றை எடுத்து முகத்தோடு சேர்த்துவைத்து மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். எனக்கு இன்றைக்கும் வாசம் வரவில்லை. எனக்குத் தெரியாதது எதிரில் நிற்பவருக்குத் தெரியும், அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.